மாரியில் மறுபடி ஓடத் தொடங்குகிறவர்களுக்கு: திருகோணமலைக் கேள்விகளும் பதில்களும்

ஒரு காலத்தில் ஓடி, பிறகு வேலை, கலியாணம், பிள்ளைகள், கொரோனா, முழங்கால் என்று ஏதோ ஒன்றில் விட்டுப்போனவர்கள் வாடைக்காற்று தொடங்கும் நேரத்தில் கேட்கிற கேள்விகள் இவை. புதிதாக ஓடப் பழகுகிறவர்களும் வாசிக்கலாம். ஆனால் எழுதியது பழையவர்களை நினைத்துத்தான். புதியவர் பயந்து பயந்து தொடங்குவார். பழையவருக்கு ‘எனக்கு ஓடத் தெரியும்’ என்ற நினைப்பு இருக்கிறது, அதனால்தான் அவருக்குக் காயம் கூட.

திருகோணமலையில் குளிரா? சும்மா கதை விடாதீர்கள்.

வெப்பமானியைக் கேட்டால் குளிர் இல்லைத்தான். மார்கழி, தை விடியற்காலையில் 24 பாகை அளவில் நிற்கும், பகலில் 27, 28. நுவரெலியாவில் இருந்து வந்தவர் சிரிப்பார். ஆனால் வைகாசி தொடக்கம் ஆவணி வரை 34, 35 பாகையில் கச்சான் காற்றில் காய்ந்த உடம்புக்கு இது குளிர். கடலில் இருந்து நேரே அடிக்கிற வாடையும் நனைந்த சட்டையும் சேர்ந்தால் பல்லுக் கிட்டும்.

ஓடுகிறவருக்கு இதில் கவனிக்க வேண்டியது ஈரம். இந்த மாதங்களில் விடியற்காலைக் காற்றில் ஈரப்பதன் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வியர்வை காயாது, வழிந்து ஓடும். தாகம் தெரியாது, ஆனால் சட்டையைப் பிழியலாம். குளிர்காலம்தானே என்று தண்ணீர் குடிக்காமல் போகிறவர்கள் மத்தியானம் தலையிடியோடு இருப்பது இதனால்தான்.

மழை ஓயட்டும், தைப்பொங்கலுக்குப் பிறகு தொடங்கினால் என்ன?

தொடங்கலாம், ஆனால் கணக்குப் பாருங்கள். பங்குனி வந்தால் வெயில் ஏறிவிடும். பொங்கலுக்குப் பிறகு தொடங்கினால் கையில் இருப்பது இரண்டு மாதம். நெடுநாள் சும்மா இருந்த எலும்பும் தசைநாணும் ஓட்டத்துக்குப் பழக மூன்று மாதமாவது வேண்டும். கார்த்திகையில் தொடங்கினவருக்கு அந்தக் காலம் கிடைக்கிறது, பொங்கலுக்குத் தொடங்கினவருக்கு இல்லை.

நவம்பரும் டிசம்பரும் எங்களுக்கு மழை கூடிய மாதங்கள், உண்மை. ஆனால் நாள் முழுக்க விடாமல் பெய்கிற நாட்கள் குறைவு, இடையில் வெளிப்பு வரும். அந்த இடைவெளிக்கு ஓட்டம் வளைந்து கொடுக்க வேண்டும். ‘ஐந்தரைக்கு ஓடுவேன்’ என்று நேரத்தைக் கட்டிப்பிடித்தால் மூன்று நாள் மழையில் மனம் விட்டுப்போகும். ‘இன்று எப்போது வெளிக்கிறதோ அப்போது’ என்று வைத்தால் வாரத்தில் மூன்று நாள் கிடைத்துவிடும்.

இடியைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுப்பு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம்தான் இடி மின்னல் கூட. இடிச்சத்தம் காதில் விழுந்தால் மின்னல் விழக்கூடிய தூரத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். கடற்கரையும் திறந்த மைதானமும் அப்போது நிற்கிற இடமில்லை, மரத்துக்குக் கீழும் இல்லை. கட்டடத்துக்குள் போய், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் இருங்கள். புயல், தாழமுக்கம் என்று எச்சரிக்கை வந்த நாட்களில் ஓட்டமே வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

ஐந்தாறு வருடம் ஓடவில்லை. உடம்பில் என்ன மாறியிருக்கும்?

மாறாதது எது என்று கேட்டால் பதில் சுருக்கம்: ஓடுகிற பழக்கம் மறக்காது. கால் வைக்கிற விதம், கை வீச்சு, வேகத்தை உணர்கிற உணர்வு எல்லாம் அப்படியே இருக்கும். வில்லங்கம் தொடங்குவதே அங்கேதான்.

ஓட்டத்தை நிறுத்தி இரண்டு மூன்று வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து, இதயம் ஒரு துடிப்பில் தள்ளுகிற அளவும் குறைகிறது. மாதங்கள் போகப் போகத் தசைக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிற ஆற்றலும் இறங்கும். இவை இறங்கினது போலவே சீக்கிரம் ஏறவும் செய்யும். ஒழுங்காக ஓடினால் நாலு ஐந்து வாரத்தில் மூச்சு நன்றாக இலகுவாகிவிடும்.

தசைநாண் அப்படியில்லை. குதிகாலுக்கு மேலே இருக்கிற பெரிய நாணுக்கும் முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கிற நாணுக்கும் இரத்த ஓட்டம் குறைவு, அவை மெல்லத்தான் இறுகும். எலும்பு இன்னும் விசித்திரம். புதிய பாரம் வந்தால் பழைய பகுதியை முதலில் கரைத்துவிட்டுப் பிறகுதான் புதிதாகக் கட்டும். அதனால் தொடங்கி சில வாரத்தில், மூச்சு நன்றாக வந்த அதே நேரத்தில், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நலிந்த நிலையில் இருக்கலாம். எலும்பில் மயிரிழை வெடிப்பு வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்.

இதில் குளிர் செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில் கூடுதலாக ஓட நினைத்தாலும் வெயில் உங்களை நிறுத்திவிடும். மார்கழியில் நிறுத்த ஆளில்லை. இதயத்துடிப்பு குறைவு, மூச்சு சுகம், முகத்தில் தூறல். ‘இன்னும் இரண்டு கிலோமீற்றர் போகலாம்’ என்று தோன்றும். மூச்சு போகலாம் என்று சொல்கிறது, நாணைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லும், ஆனால் அது அப்போது பேசாது. இரண்டு நாள் கழித்துக் காலையில் கட்டிலால் இறங்கும்போதுதான் பேசும். மாரியில் தொடங்குகிறவர் தூரத்தைக் கடிகாரத்தால் கட்டுப்படுத்த வேண்டும். சுகத்தைப் பார்த்துக் கூட்டக் கூடாது.

சரி, முதல் மாதம் எப்படி ஓடுவது?

முதல் வாரம் ஓடவே வேண்டாம். நாலு நாள், 30 நிமிடம், கைவீசி விறுவிறுவென்று நடங்கள். இதைச் சொன்னால் பழைய ஓட்டக்காரர்களுக்குக் கோபம் வரும். கோபத்தோடேயே நடக்கலாம்.

இரண்டாம் வாரம் மூன்று நாள் மட்டும். ஐந்து நிமிட நடைக்குப் பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டுத் தடவை. மூன்றாம் வாரம் இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. நாலாம் வாரம் மூன்றுக்கு ஒன்று. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் ஒரு நாள் இடைவெளி கட்டாயம். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள், யாரும் சோதனை வைக்கவில்லை. இரண்டாம் மாத நடுப்பகுதியில் 20 நிமிடம் விடாமல் ஓட முடிந்தால் நல்ல போக்கு.

வேகம்? பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வசனத்தில் கதைக்க முடிய வேண்டும். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் வேகம் கூட. கூட ஆளில்லாதவர் தனக்குத்தானே கதைத்துப் பார்க்கலாம், விடியப்புறம் யார் கேட்கப் போகிறார்கள்.

நாலு வாரம் ஓடாமல் விட்டிருந்தால் இவ்வளவு தேவையில்லை, பழைய தூரத்தில் பாதியில் தொடங்கலாம். நான் சொல்வது ஆண்டுக்கணக்கில் விட்டவர்களுக்கு.

ஓடாத நாட்களில், மழை கொட்டுகிற நாட்களில், வீட்டுப் படியில் நுனிக்காலில் நின்று குதிகாலை மெல்லத் தூக்கி மெல்ல இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று. முதலில் இரண்டு காலாலும், பிறகு ஒற்றைக்காலால். நாணுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து இருப்பது தொடைக்கும் முழங்காலுக்கும்.

ஓட முன்னர் உடம்பைச் சூடாக்க வேண்டுமா?

குளிர்காலத்தில் கட்டாயம். ஆனால் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பது அதற்கு உதவாது. ஐந்து முதல் பத்து நிமிடம் நடை, பிறகு கால் வீச்சு, முழங்காலை உயர்த்தி நடப்பது. இழுத்து நீட்டுகிற பயிற்சிகளை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

யார் முதலில் டொக்டரிடம் போக வேண்டும்?

நெஞ்சு நோ, நடக்கும்போதே மூச்சிரைப்பு, மயக்கம், படபடப்பு இருப்பவர்கள் கேட்காமல் தொடங்கக் கூடாது. பிரஷர், சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல், புகைபிடித்தல், வீட்டில் இளவயதில் மாரடைப்பு வந்த கதை, இவற்றில் எது இருந்தாலும் 40 தாண்டியவர் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு வரலாம்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிக்ளசைட் வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஓட்டத்தில் சீனி திடீரென்று இறங்கலாம். நடுக்கமும் வியர்வையும் அதன் அடையாளம். மழையில் நனைந்துகொண்டு ஓடும்போது இரண்டையும் குளிர் என்று நினைத்துவிட இடமுண்டு. பொக்கற்றில் குளுக்கோஸோ டொபியோ இல்லாமல் வெளிக்கிடாதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பாதத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஓடும்போது நெஞ்சை அமத்தினால் நின்றுவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று நினைக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மழையில் நனைந்து ஓடினால் தடிமன் வராதா?

அம்மம்மா வரும் என்பார். தடிமன் வைரசால் வருவது, மழைத்தண்ணீரில் அது இல்லை. மாரியில் தடிமன் கூடுவதற்குக் காரணம் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நெரிசலான பஸ்ஸிலும் வகுப்பிலும் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசிப்பது. ஆனால் அம்மம்மா சொல்வதில் பாதி எடுத்துக்கொள்ளுங்கள்: ஓடி முடிந்ததும் நனைந்த உடுப்போடு நின்று கதைக்கக் கூடாது. ஓடும்போது தசை சூடு தருகிறது, நின்றதும் அது நின்றுவிடும், நனைந்த துணியும் காற்றும் உடம்புச் சூட்டை உறிஞ்சும். துவாயும் காய்ந்த சட்டையும் பொலித்தீன் பையில் கட்டி மோட்டார் சைக்கிளில் வையுங்கள்.

தடிமன் வந்துவிட்டால்? மூக்கு ஒழுகல், தும்மல் மட்டும் என்றால் மெல்ல ஓடலாம். நெஞ்சுச்சளி, உடம்பு நோ, காய்ச்சல் என்றால் ஓட்டம் இல்லை. காய்ச்சலோடு ஓடினால் வியர்த்து வைரஸ் வெளியே போய்விடும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். வைரஸ் காய்ச்சல் இதயத்தசையைப் பாதிக்கிற சந்தர்ப்பமும் உண்டு, அந்த நேரத்தில் ஓடுவது உயிராபத்து.

ஓடின மறுநாள் உடம்பெல்லாம் நோ, சூடும் இருக்கிறது. ஒரு டிக்ளோபெனாக் போட்டால் போதும்தானே?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

ஓட்டத்தால் வருகிற நோ உழைத்த தசையில் வரும், இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும், மூன்று நாலு நாளில் போகும். அது காய்ச்சலைக் கொண்டு வராது. மாரியில் எங்கள் பக்கம் காய்ச்சலோடு உடம்பு நோ என்றால் முதலில் நினைக்க வேண்டியது டெங்கு. கிழக்கில் டெங்கு கூடுவதே மாரி மழையை ஒட்டித்தான். டெங்கு இருக்கும்போது டிக்ளோபெனாக், இபுபுரூபன், அஸ்பிரின் எடுத்தால் இரத்தப்போக்கு ஆபத்து கூடும். பரசிற்றமோல் மட்டும், அதுவும் அளவாக. காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் சோதியுங்கள். டெங்கில் காய்ச்சல் இறங்குகிற நேரமே ஆபத்தான நேரம், ‘காய்ச்சல் விட்டுட்டுது, ஒரு சுற்று ஓடிவிட்டு வருவம்’ என்கிற நினைப்பு அங்கே பொருந்தாது.

அடுத்தது எலிக்காய்ச்சல். வெள்ளத் தண்ணீரிலும் வயல் சேற்றிலும் எலி, மாடு, நாயின் சலத்தால் கலந்த கிருமி காலில் இருக்கிற சின்னக் கீறல் வழியாக உள்ளே போகும். காய்ச்சல் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம் கழித்து வரும். அதோடு கெண்டைக்கால் தசையில் கடும் நோ வருவது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. ஓடுகிறவருக்குக் கெண்டைக்கால் நோ புதிதா என்று விட்டுவிடுவார்கள். டொக்டரிடம் ‘நான் வெள்ளத் தண்ணீரில் கால் வைத்தேன்’ என்று நீங்களே சொல்ல வேண்டும், அவராக ஊகிக்க முடியாது. தொடக்கத்தில் பிடித்தால் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துக்குக் கேட்கிற நோய்தான்.

டெங்கில் இருந்து எழும்பியவர் ஓட்டத்துக்கு அவசரப்படக் கூடாது, சில வாரம் சோர்வு இருக்கும். சிக்குன்குனியா வந்தவருக்கு மூட்டு நோ மாதக்கணக்கில் இழுக்கலாம். அவர் நடையோடு இருந்து, மூட்டு வீக்கம் இல்லாத நாட்களில் மட்டும் முயல்வது நல்லது.

எனக்கு ஆஸ்துமா இருக்கிறது. குளிர்க்காற்றில் முட்டு வருமே?

முட்டைக் கிளப்புவது குளிரைவிடக் காற்றின் வறட்சி. வேகமாக மூச்சு வாங்கும்போது சுவாசக்குழாய் காய்ந்து சுருங்கும். எங்கள் மாரிக்காற்று ஈரமானது, ஆகவே கனடாக் காற்றை விட இதமானது. இங்கே தொந்தரவு தருவது ஈரச்சுவரில் பூக்கிற பூஞ்சணம், தடிமன், குப்பை எரிக்கிற புகை. பம்ப் கையில் இல்லாமல் ஓட வேண்டாம். ஓட முன்னர் எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள், பலருக்கு அதைத்தான் சொல்வார்கள். அவசரப்படாமல் கூடுதல் நேரம் எடுத்து உடம்பைச் சூடாக்கினால் முட்டு குறையும்.

ரவுணுக்குள் எங்கே ஓடலாம்?

வாடை அடிக்கிற நாளில் டச் பே பக்கம் அழகு, ஆனால் காற்று முகத்தில் அறையும். போகும்போது காற்றை எதிர்த்தும் வரும்போது முதுகில் வாங்கியும் ஓடுங்கள். மாறிச் செய்தால் வியர்த்து நனைந்த உடம்போடு எதிர்க்காற்றில் திரும்ப வேண்டி வரும். காற்றுக் கடுமையான நாட்களில் உட்துறைமுக வீதி நல்லது. துறைமுகத்தைச் சுற்றி நிலம் அணைத்திருப்பதால் அங்கே காற்றின் மூர்க்கம் குறைவு.

பிரட்ரிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற பாதையை எல்லாரும் கேட்கிறார்கள். நிழல், கடல், புள்ளிமான் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஏற்றம். ஏற்றத்தில் குதிநாண் கூடுதலாக இழுபடும், இறக்கத்தில் முழங்கால் வாங்கும். முதல் இரண்டு மாதம் அதை நடந்து ஏறுங்கள். நனைந்த சருகு வழுக்கும். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, சொல்கிற இடத்தில் நின்று போங்கள். மார்கழிப் பூசைக்கு விடியப்புறம் அடியார்கள் கால்நடையாக ஏறுவார்கள். அவர்களுக்கு நடுவில் வியர்த்தொழுக இடித்துக்கொண்டு ஓடுவது மரியாதையில்லை, கோயில் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

உப்புவெளிக் கடற்கரை மாரியில் வேறு கடற்கரை. அலை மணலை அரித்துச் சரிவாக்கியிருக்கும். சரிவில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும், இடுப்பும் முழங்காலும் ஒரு பக்கமாக நோகும். தொடக்கத்தில் பொதுபொதுத்த மணலில் ஓடுவது கெண்டைக்காலுக்குத் தண்டனை. கடற்கரைதான் வேண்டும் என்றால் அலை பின்வாங்கிய இறுகிய மணலில் பத்து நிமிடம், போன வழியே திரும்பி வாருங்கள். வெறுங்கால் வேண்டாம், மழைவெள்ளம் போத்தல் ஓடுகளைக் கொண்டு வந்து போட்டிருக்கும்.

நிலாவெளி வீதி நேர்வீதி, வாகனம் பறக்கும். வலது கரையில், எதிரே வருகிற வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள். மெக்கெய்சர் மைதானம் தண்ணீர் நிற்காத நாளில் தொடங்குகிறவருக்கு மிக நல்ல இடம்: தட்டை நிலம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு நடக்கலாம். ஒரே திசையில் சுற்றாமல் இடையில் மாற்றிச் சுற்றுங்கள். கிண்ணியாக்காரருக்குப் பாலம் இருக்கிறது. 2009இல் திறந்தது, 396 மீற்றர், போய் வந்தால் ஏறக்குறைய 800. காற்று வீசுகிற நாளில் தொப்பி தங்காது.

இருட்டு, நாய், மாடு?

டிசம்பரில் சூரியன் ஆறேகாலுக்குத்தான் எழும்பும், தை கடைசியில் இன்னும் பத்து நிமிடம் பிந்தும். மழை இருட்டும் சேர்ந்தால் ஆறரைக்கும் மங்கல்தான். வெள்ளைச் சட்டை, கையில் சின்ன ரோச். தண்ணீர் நிற்கிற இடத்தில் கால் வைக்காதீர்கள், குழி எவ்வளவு என்று தெரியாது, வடிகான் மூடி இருக்கிறதா என்றும் தெரியாது.

மழைக்காலத்தில் மாடுகள் காய்ந்த இடம் தேடித் தார்வீதியில் படுத்திருக்கும். சுற்றிப் போங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, அதைப் பார்த்தபடி மெல்ல நடங்கள். கடித்தால், கீறினால் கூட, சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். வளர்ப்பு நாய்தானே என்று விடாதீர்கள்.

அலுமாரியில் பழைய சப்பாத்து இருக்கிறது. அதைப் போடலாமா?

கையால் வளைத்துப் பாருங்கள். எங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் சும்மா கிடந்த சப்பாத்தின் பசை இறுகி உடைந்திருக்கும், அடிப்பாகம் பொருபொருத்திருக்கும். வெளிப்பார்வைக்குப் புதிது போலவே இருந்து, முதல் மழையில் அடி கழன்று வாயைப் பிளக்கும். நடுவில் இருக்கிற மெத்தைப் பகுதியும் கல்லாகியிருக்கும். விலை கூடிய சப்பாத்து தேவையில்லை. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலகல இடம், வலைத்துணி மேற்பகுதி, ஈரத்தில் வழுக்காத அடி இருந்தால் போதும்.

நனைந்த சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து மின்விசிறிக்குக் கீழ் வையுங்கள், அடுப்பங்கரையில் வைத்தால் பசை விடும். மேசு பருத்தியில் வேண்டாம். விரலிடுக்கைத் துடைத்துக் காயவைக்காவிட்டால் சேற்றுப்புண் உறுதி. தொடையிடுக்கு உரசலுக்கு வசிலினோ தேங்காய் எண்ணெயோ பூசிவிட்டு ஓடுங்கள்.

மழைக்கோட்டு? இங்கே தேவையில்லை. உள்ளே வியர்த்து அவிந்துபோவீர்கள். மெல்லிய பொலியெஸ்டர் சட்டையும் கண்ணில் மழை விழாமல் ஒரு தொப்பியும் போதும்.

பெண்கள் தனியாக ஓடலாமா? வீட்டில் விடமாட்டார்கள்.

வெளிச்சம் வந்த பிறகு, இரண்டு மூன்று பேராகத் தொடங்குவதைத்தான் நான் சொல்வேன். பார்க்கிறவர்கள் முதல் வாரம் பார்ப்பார்கள், பிறகு அவர்களுக்கே அலுத்துவிடும். ஆனால் ஓடுகிறவருக்குப் பயம் இருந்தால் ஓட்டம் நிலைக்காது, ஆகவே ஆள் நடமாட்டம் உள்ள வீதியைத் தெரிவு செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பருத்திச் சல்வாரும் அபாயாவும் நனைந்தால் கனத்துக் காலில் சுற்றும். நீளக்கைச் சட்டை, தளர்வான ட்ராக் காற்சட்டை, பருத்தியில்லாத மெல்லிய முக்காடு என்றால் மூடலும் குறையாது, ஓடவும் இலகு.

பிள்ளை பெற்றவர்கள் குறைந்தது மூன்று மாதம் பொறுங்கள். ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ அடிவயிறு பாரமாக இறங்குவது போல இருந்தாலோ அது ‘வழமை’ என்று விடாமல் கிளினிக்கில் கேளுங்கள், அதற்குப் பயிற்சி உண்டு. ஆறு வாரமாகியும் மூச்சு முன்னேறவில்லை என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். இரத்தச்சோகையோடு எவ்வளவு முயன்றாலும் கால் இழுக்காது.

ஓட முன்னர் என்ன சாப்பிடுவது?

அரை மணி நேரத்துக்குள் என்றால் ஒன்றும் வேண்டாம், பசித்தால் ஒரு வாழைப்பழமும் ஒரு பிளேன்டீயும். முடிந்த பிறகு வழக்கமான காலைச் சாப்பாடுதான், அதில் முட்டையோ பருப்போ மீனோ சேரட்டும். இடியப்பமும் சொதியும் போதுமா என்று கேட்பவர்களுக்கு: பக்கத்தில் ஒரு முட்டை வையுங்கள்.

கன்னியா வெந்நீர் கால் நோவுக்கு நல்லதா?

சுகமாக இருக்கும். ஏழு கிணறும் ஏழு விதமான சூடு, அள்ளி ஊற்றினால் இறுகிய தசை இளகும். ஆனால் கிழிந்த தசையையோ வெடித்த எலும்பையோ அது ஒட்டாது, புதிதாகச் சுளுக்கி வீங்கின காலுக்கு முதல் இரண்டு நாள் சூடே கூடாது.

எந்த நோவுக்கு நிறுத்த வேண்டும்?

ஓடத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் குறைகிற மந்தமான இறுக்கத்தோடு மெல்ல ஓடலாம். ஓட ஓடக் கூடுகிற நோ, நொண்ட வைக்கிற நோ, மூட்டு வீக்கம், இவற்றுக்கு நிறுத்துங்கள். முன்னெலும்பில் விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் நோ இருந்து, இரவிலும் வலித்தால் எலும்பு வெடிப்பு இருக்கலாம். முதல் வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதும் உண்டு. ‘எக்ஸ்ரே நல்லம்’ என்று ஓடிவிடாதீர்கள்.

என் தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். அவனும் மறுபடி ஓடத் தொடங்குகிறான். அவனுக்கும் இதே பதில்தானா?

நாணுக்கும் எலும்புக்கும் இதே பதில். மற்றதெல்லாம் வேறு. அங்கே குளிர் உண்மையான குளிர், காற்றும் சேர்ந்தால் தோல் உணர்கிற குளிர் வெப்பமானி காட்டுவதைவிடக் கடுமை. கனடிய வானிலைத் துறை சொல்கிற காற்றுக்குளிர் அளவு மறை 28க்குக் கீழ் போனால் திறந்திருக்கிற தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். அந்த நாளில் வீட்டுக்குள் இயந்திரத்தில் ஓடச் சொல்லுங்கள். மூக்கு, காது, விரல் நுனிதான் முதலில் போகும். வெளுத்து மரத்துப்போனால் உள்ளே வந்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

நுரையீரல் உறைந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. காற்று மூக்கையும் தொண்டையையும் தாண்டுவதற்குள் சூடேறிவிடும். தொண்டை எரிவது வறட்சியால், வாயை மூடி ஒரு மெல்லிய துணி கட்டினால் குறையும். உடுப்பு மூன்று படையாக: உள்ளே வியர்வையை வெளியே கடத்துகிற பொலியெஸ்டரோ கம்பளியோ, நடுவில் சூடு தருகிற ஒன்று, மேலே காற்றைத் தடுப்பது. உள்ளே பருத்தி மட்டும் கூடாது, நனைந்தால் காயாது. வீட்டு வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அங்கேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்து நனைந்துவிடுவான்.

குளிரை விடப் பனிக்கட்டிதான் ஆளை விழுத்தும். தார் போலவே கறுப்பாகத் தெரிகிற மெல்லிய பனிப்படலம் கண்ணுக்குப் பிடிபடாது. குட்டி அடி வைத்து ஓட வேண்டும், சந்தேகம் வந்தால் நடக்க வேண்டும்.

லண்டன்காரருக்கு இவ்வளவு இல்லை. அங்கே தை மாதமும் பெரும்பாலும் உறைநிலைக்கு மேல்தான். அவர்களுக்கு மழையும் நாலு மணிக்கே விழுகிற இருட்டும்தான் பிரச்சினை.

நத்தாருக்கு ஊருக்கு வருகிற தம்பி இங்கே அதே வேகத்தில் ஓடலாமா?

ஓடக் கூடாது. எங்களுக்குக் குளிர் என்று போர்க்கிற 25 பாகை அவனுக்குக் கோடை, அதிலும் ஈரக்கோடை. உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும், அவன் விடுமுறை அதற்குள் முடிந்துவிடும். அங்கே ஓடின நேரத்தில் பாதி, விடியப்புறம், தண்ணீர்ப் போத்தலோடு. தலைச்சுற்றோ குளிர்ந்து மயிர்க்கூச்செறிவதோ வந்தால் நிழலில் இருத்துங்கள்.

எனக்கு 58. பிந்திவிட்டதா?

முள்ளியவளை அகிலத்திருநாயகி 70 வயதைத் தாண்டி, 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கம் கொண்டு வந்தார். எல்லாருக்கும் அது வராது. உங்களுக்கு மேலே சொன்ன திட்டத்தில் ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு வாரமாக்குங்கள், ஈசிஜியை விடாதீர்கள்.

மாரி முடிந்து வெயில் ஏறியதும் என்ன செய்வது?

மாசிக் கடைசியில் ஒரு நாள் அதே வீதி, அதே தூரம் திடீரென்று கடினமாகும். பின்னடைவு என்று நினைத்துக் கூடுதலாக முயலாதீர்கள், வெப்பம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வாரம் வேகத்தைக் குறைத்து, ஓட்டத்தை ஆறரைக்குள் முடிக்கிற மாதிரி முன்னுக்குத் தள்ளுங்கள். கடிகாரத்தில் வேகத்தைப் பார்ப்பதை அந்த இரண்டு வாரமும் விட்டுவிட்டு, கதைக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். சித்திரை பிறக்கும்போது விடாமல் அரை மணி நேரம் ஓட முடிந்தவர் வாரத்தில் ஒரு நாளை மட்டும் மெல்ல நீட்டலாம், மற்ற நாட்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.